அம்மியும் மின்னம்மியும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் இருவர் எம் இல்லம் தேடி வந்தபோது யாம் அடுக்களையில் நின்றிருந்தோம். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. ஆதலின் அழைப்பு மணியும் செவியில் விழவில்லை. அவர்கள் 'ஐயா, ஐயா' என்று அழைத்ததும் விழவில்லை. தோளில் துண்டும் விரல்களில் தேங்காய் விழுதுமாக யாம் கதவைத் திறந்ததைக் கண்டு பிள்ளைகள் சற்றே திகைத்து நின்றனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் தொல்காப்பியமும் நன்னூலும் நடத்தி 2018இல் ஓய்வு பெற்ற ஒருவரை அக்கோலத்தில் அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். "சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றி எழுதித் தாருங்கள், ஐயா" என்றனர்.

எழுதலாம்தான். ஆனால் இம்மலருக்கு யாம் தீர்க்க வேண்டிய பழைய கடன் ஒன்று இருக்கிறது. 1994ஆம் ஆண்டு மலரைத் துறை நூலகத்தில் தேடி எடுப்போர் அதில் 'அம்மியின் அருமை' என்னும் எம் கட்டுரையைக் காணலாம். அன்று பலராலும் பாராட்டப்பெற்ற கட்டுரை அது. முத்தமிழ் விழா மேடையில் அதிலிருந்து ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்கள் என்பதை இன்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. தமிழர் தம் அடுக்களையில் இந்த ஒரு வேலைக்கே எத்தனை வினைச்சொற்களை வைத்திருந்தனர் என்பது அக்கட்டுரையின் பொருள். அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் ஆட்டினார்கள், உரலில் இடித்தார்கள், திரிகையில் திரித்தார்கள், மத்தால் கடைந்தார்கள், அகப்பையால் மசித்தார்கள். அரைபட்ட பொருளின் பதத்துக்கும் அவ்வாறே தனித்தனிச் சொற்கள் உண்டு. மைபோல, விழுதாக, கொரகொரப்பாக, ஒன்றிரண்டாக என்று சொன்ன மாத்திரத்தில் அரைக்கும் கைக்கு விளங்கிவிடும். இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திவிட்டு, மூன்றே எண்கள் பொறித்த ஒரு திருகுக்குள் இத்தனை பதமும் அடங்குமோ என்று மிக்சியை நோக்கி வினவி முடித்திருந்தோம்.

அக்கட்டுரையில் சொற்பிழை இல்லை. பொருட்பிழையும் பெரிதாக இல்லை. எழுதியவர் ஒருநாளேனும் அம்மியில் அரைத்தவர் அல்லர் என்பதே அதன் குறை.

அரைத்தவர் எம் அன்னையார். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்கட்டில், கிணற்றுக்கும் அடுக்களைக்கும் இடையே, அந்த அம்மி கிடந்தது. வீட்டில் நாங்கள் எழுவர். காலையில் இட்லிக்குத் துவையலோ சட்னியோ அதில்தான் அரைபட வேண்டும். நண்பகல் குழம்புக்கு மசாலை அரைப்பது அதனினும் பெரிய வேலை. முதலில் வற்றல் மிளகாயை உப்புக்கல்லோடு வைத்து, நீர் தெளித்து, குழவியின் நுனியால் நசுக்குவார். அது மசிந்த பிறகே கொத்தமல்லியும் சீரகமும் ஏறும். அவை மைபோல ஆனபின் தேங்காய். சின்ன வெங்காயம் கடைசியில் இரண்டு இழுப்புக்கு மட்டும் வரும். இவ்வரிசை மாறினால் தேங்காயின் எண்ணெய்ப் பசையில் மிளகாய்த்தோல் வழுக்கி ஓடிவிடும். பின்பு எத்தனை இழுத்தாலும் அரைபடாது. இந்நுட்பத்தையும் எம் கட்டுரையில் வியந்து எழுதியிருந்தோம். அரைத்து முடித்த கைகளில் மிளகாய் எரிச்சல் தீர அன்னையார் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, விரல்களை விரித்தபடி சற்று நேரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அதை எழுதவில்லை.

"அம்மி கொத்தலியோ, ஆட்டுக்கல் கொத்தலியோ" என்று தெருவில் குரல் கேட்டால் அன்னையார் முகம் மலரும். தேய்ந்து வழவழத்த கல்லில் அரைப்பது இரட்டிப்பு வேலை. உளிகொண்டு புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டால் சில மாதங்களுக்குச் சுமை குறையும். கொத்திய அன்று தவிட்டையோ அரிசியையோ அரைத்துக் கொட்டிக் கல்துகள் போக்குவார்கள். அந்த ஒருநாள் மகிழ்ச்சியையும் யாம் கிராமியக் கலையின் சிறப்பாகவே கண்டோம். அது ஒரு கைவலியின் தற்காலிக ஓய்வு என்று எமக்குத் தோன்றவில்லை.

1987இல் எம் தங்கையின் திருமணம் கூடியது. யாம் பணியில் சேர்ந்த மறு ஆண்டு அது. சீர்வரிசைப் பட்டியலில் பித்தளைக் குடமும் தவலையும் குத்துவிளக்கும் இருந்தன. அன்னையார் குடத்தையும் தவலையையும் அடித்துவிட்டு மிக்சி என்று எழுதச் சொன்னார். "ஊர் என்ன சொல்லும்" என்று உறவினர் முணுமுணுத்தபோது, "குடம் இல்லன்னா பிளாஸ்டிக் குடத்துல தண்ணி எடுப்பா. அவ கை எங்கை மாதிரி ஆவக் கூடாது" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. யாமே கடைக்குச் சென்று தவணையில் வாங்கி வந்தோம். ஆனால் அவர் சொன்ன சொற்றொடரின் பிற்பகுதி எம் நெஞ்சில் ஏறவில்லை. தங்கைக்கு ஒன்று வாங்கியவர் அன்னைக்கும் ஒன்று வாங்கியிருக்கலாம் அன்றோ?

1989இல் எம் திருமணத்தின்போது துணைவியார் கொண்டுவந்த சீரிலும் ஒரு மிக்சி வந்தது. முதல் வாரம் அதில் அரைத்த தேங்காய்ச் சட்னியை ஒருவாய் உண்டுவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தோம். சினம் கொள்ளவில்லை; ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அம்மியில் அரைத்தால் இதன் மணமே வேறு" என்று மட்டும் பொதுவாகச் சொன்னதாக நினைவு. அவ்வளவே போதுமானதாக இருந்தது. மிக்சி அட்டைப் பெட்டிக்குள் திரும்பிப் போய் அலமாரியின் மேல்தட்டில் ஏறிக்கொண்டது. விருந்தினர்க்குப் பழச்சாறு தரும்போது இறங்கி வரும். அன்னையார் தம் ஐம்பதாம் அகவையிலும் அம்மியின் முன் அமர்ந்தார். அவர் எழுந்தபின் துணைவியார் அமர்ந்தார். எம் நாவின் பொருட்டு இரண்டு பெண்கள் ஏழு ஆண்டுகள் அரைத்தனர். அவ்வேழு ஆண்டுகளின் இடையில்தான் அந்தக் கட்டுரை பிறந்தது.

1996இல் அன்னையாருக்கு வலக்கை மணிக்கட்டு வீங்கி, குவளையைப் பிடிப்பதும் அரிதாயிற்று. இனி அம்மிப்பக்கம் போகக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று மாலையே பெட்டி இறங்கியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் அம்மி பறந்தது தை மாதத்தில். அதுவும் கிணற்றடி வரையில்தான்.

கட்டுரை வெளிவந்த நாளில் துணைவியார் அதனை அன்னையாருக்கு முழுதும் படித்துக் காட்டினாராம். கேட்டு முடித்துவிட்டு அன்னையார், "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஒருநா அரச்சுப் பாத்துட்டு எழுதியிருக்கலாம்" என்றாராம். இது எமக்குத் தெரியவந்தது இருபத்தாறு ஆண்டுகள் கழித்து.

மிக்சியைப் பற்றி அன்று யாம் அறிந்திருந்ததும் சொற்பமே. மேலைநாட்டில் பிறந்து நம் அடுக்களைக்குள் புகுந்த அந்நியப் பொருள் என்றே எண்ணியிருந்தோம். அதன் பிறப்பு மேலைநாட்டில்தான். அமெரிக்காவில் சோடாக் கடைகளில் மால்ட் கலந்த பாலை அடிப்பதற்காக, ஜாடியின் அடியில் சுழலும் தகடு வைத்த கருவிக்கு ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி என்பவர் 1922இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். பாலும் மாவும் கலக்கப் பிறந்த பிள்ளை அது. மென்மையான பொருளுக்கே பழகியது. அறிவியலார் அதனைத் தம் ஆய்வகத்துக்கும் கொண்டுபோனார்கள். பாரம்பரியப் பண்புகளைக் கடத்தும் பொருள் டி.என்.ஏ. என்பதற்கு வலுவான சான்று தந்த 1952ஆம் ஆண்டு ஆய்வில், ஹெர்ஷியும் சேசும் நுண்ணுயிரின் மேல் ஒட்டிய வைரசுக் கூடுகளைப் பிரித்தது ஒரு சமையலறை மிக்சியால்தான். தாய் மகனுக்கு விட்டுச் செல்வது எதன் வழியாக என்பதை அறிய ஒரு சட்னி அரைக்கும் கருவி உதவியிருக்கிறது என்பது எமக்கு இன்றும் வியப்பே.

ஆனால் அந்த மேலைநாட்டுக் கருவி நம் விரலி மஞ்சளுக்கும் ஊறிய உளுந்துக்கும் தாங்கவில்லை. பொறியாளர் சத்திய பிரகாஷ் மாத்தூரின் இல்லத்தில் இருந்த ஜெர்மானியக் கருவியின் மோட்டார் எரிந்துபோயிற்று. இங்கு அதைப் பழுதுபார்க்க வழியில்லாததால், அவர்தம் துணைவியார் மாதுரி, நம் சமையலுக்குத் தாங்கும் ஒன்றை நீங்களே செய்யக்கூடாதா என்று கேட்டாராம். அதன் விளைவே 1963இல் தொடங்கப்பெற்ற நிறுவனமும் 'சுமீத்' என்ற பெயரும். அடுக்களையில் நின்றவர் கேட்ட கேள்வியிலிருந்து இந்திய மிக்சி தோன்றிற்று. எங்கள் வீட்டிலும் அத்தகைய ஒருவர் இருந்தார், கேட்கத்தான் இல்லை. எம் தட்டு நகர்ந்த ஓசையே அவர் கேள்வியை அடக்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது யாமும் நண்பர்களோடு சேர்ந்து நகைத்தவர்களே. எங்கள் எதிர்வீட்டில் பீடி சுற்றும் பெண்மணி ஒருவர் அட்டைதாரராகச் சென்று பெற்றுவந்தார். சில நாள் கழித்து அன்னையார் அவரிடம் நலம் விசாரித்தபோது, "ஒரு நாளைக்கு ஒரு கட்டு கூடச் சுத்துதேன் பெரியம்மா" என்றார் அவர். அம்மியில் இழுத்த நேரம் முறத்தின் முன் போயிற்று. ஓய்வாக மாறவில்லை, கூலியாக மாறியது. இதை முன்னேற்றம் என்பதா, வேறென்ன என்பதா? எமக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்மணிக்கு விளங்கியிருந்தது. அவர் மகள் பின்னாளில் நம் கல்லூரியில் படித்தாள்.

இனி எம் கதைக்கு வருவோம். 2018 மே மாதம் யாம் ஓய்வு பெற்றோம். ஐப்பசியில் எழுபத்தெட்டாம் அகவையில் அன்னையாரைப் பக்கவாதம் தாக்கிற்று. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சு குழறியது, அதனினும் கொடிதாக, விழுங்குதல் தடைப்பட்டது. ஒருவாய்த் தண்ணீர் கொடுத்தாலும் இருமலில் முகம் நீலம் பாரிக்கும். விழுங்கும் பயிற்சி தர வந்த அம்மையார் எமக்கு முதற்பாடம் நடத்தினார். தண்ணீர் விரைந்து ஓடுவது; தளர்ந்த தொண்டை அதனைத் தடுத்து நிறுத்துமுன் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். ஆதலின் கூழ்ப்பதமே பாதுகாப்பு. கட்டி இருக்கலாகாது, நார் இருக்கலாகாது, நீராகவும் ஓடலாகாது. கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல், மொத்தமாக வழுகி விழவேண்டும். நேராக உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். துணைவியார் பள்ளித் தலைமையாசிரியர். ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புபவர். வீட்டில் எஞ்சியிருந்தவர் யாமே.

மிக்சியின் முன் நின்ற முதல் நாளில் எம் புலமையெல்லாம் பயன்படவில்லை. கொதிக்கக் கொதிக்கப் பருப்பையும் காய்கறியையும் ஜாரின் கழுத்தளவு நிரப்பி, மூடியை அழுத்தி, திருகை நேரே மூன்றுக்குத் திருப்பினோம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 18,000 முறை சுழலக்கூடிய தகடு அது. சூடான பொருளைக் கலக்கியதும் ஆவி ஒரே மூச்சில் எழும்பி மூடியைத் தூக்கி எறிந்தது. மேற்கூரையில் இன்றும் ஒரு மஞ்சள் கறை உண்டு. எம் இடக்கையில் சிறு தழும்பும் உண்டு. சூடானதை ஆறவிட வேண்டும், ஜாரைப் பாதிக்குமேல் நிரப்பக்கூடாது, ஒன்றில் தொடங்கியே மேலேற வேண்டும் என்பன அன்று கற்றவை. மறுவாரம் நீண்ட நேரம் ஓடவிட்டதில் மிக்சி திடீரென நின்றது. எரிந்தே போயிற்று என்று நடுங்கி, ஆட்டோவில் வைத்துப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரத் தம்பி அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை விரலால் அழுத்தி, "இனிமே அஞ்சு நிமிஷம் ஆறவிட்டுட்டு இதை அமுக்குங்க சார்" என்று கூறித் திருப்பித் தந்துவிட்டார். காசு வாங்கவில்லை. மோட்டார் சுமை மிகுந்தால் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எங்கள் வீட்டு அம்மிக்கும் அத்தகைய பொத்தான் ஒன்று இருந்திருக்கலாம்.

தகடு கற்பித்த வேறு பாடங்களும் உண்டு. குழவி நசுக்குகிறது, தகடு வெட்டுகிறது. ஆதலின் துவையலின் மணம் இரண்டிலும் ஒன்றாக இராது என்று 1994இல் யாம் எழுதியது மெய்யே. ஆனால் மிக்சியிலும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். நீர் குறைந்தால் பொருள் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ள, தகடு வெறும் வெளியில் சுழலும். நீர் கூடினால் பருக்கை பருக்கையாக மிதந்து அரைபடாது. நடுவே ஒரு சுழி விழுந்து, மேலுள்ளது கீழிறங்கிக்கொண்டே இருக்கும் பதம் ஒன்று உண்டு. அப்போது ஓசையே மாறிவிடும். முதலில் கரகரப்பு, பிறகு அது தணிந்து ஒரே சீரான ரீங்காரம். அன்னையார் கட்டிலில் படுத்தபடியே அந்த ஓசையைக் கேட்டு, போதும் என்று இடக்கையால் சைகை செய்வார். இருபது ஆண்டுகளுக்கு மேல் மிக்சி ஓட்டிய செவி அது.

சோற்றை மிக்சியில் அடித்துப் பார்த்தோம். சுவரொட்டி ஒட்டும் பசையாகிவிட்டது. வெந்த அரிசியின் மாவுச்சத்தைத் தகடு கிழித்து வெளிக்கொணர்ந்துவிடும், உருளைக்கிழங்கும் அப்படியே. பின்பு அரிசியைக் குழைய வேகவைத்து அகப்பையால் மசித்தோம். கீரையை அடித்தால் நுரைத்துக்கொண்டு வந்தது. தண்டை நீக்கி மத்தால் கடைந்தோம். பூண்டுக் களியும் உளுந்தங்கஞ்சியும் மாவு திரித்தே செய்தோம். எங்கள் நெல்லைச் சீமைச் சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுக்கத்தான் மிக்சி பேருதவியாயிற்று. துருவலை வெதுவெதுப்பான நீரோடு இரண்டு சுற்றுச் சுற்றிப் பிழிந்தால் முதற்பால் கெட்டியாக வந்துவிடும். மிளகைப் பொடிக்கத் திருகை இடப்பக்கம் தட்டித் தட்டி விடும்போது ஒன்றிரண்டாக உடைவதைக் கண்டு யாம் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டோம். மூன்று எண்ணுக்குள் அடங்காது என்று எழுதியிருந்தோமே, எண்ணுக்கு இந்தப் பக்கத்தில் ஓர் இடம் இருப்பதை அறியாமலேயே எழுதியிருக்கிறோம். மசித்தலும் கடைதலும் ஒழியவில்லை. அச்சொற்களைச் செய்து பார்த்தது அவ்வாண்டில்தான்.

முதல் சில நாள் சோறு, பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து ஊட்டினோம். சத்து உள்ளே போனால் சரி என்பது எம் கணக்கு. அன்னையார் உண்டார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உண்டார். நான்காம் நாள் குழறிய மொழியில் ஏதோ சொன்னார். துணைவியார்தான் கேட்டுப் பொருள் சொன்னார்: "எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டு அடிச்சா, நாக்குக்கு எதுன்னு தெரியும்?" அன்றுமுதல் தனித்தனியே அரைத்தோம். தட்டில் பூசணி மஞ்சளாகவும் கீரை பச்சையாகவும் பீட்ரூட் செந்நிறமாகவும் மூன்று குவியல். ஜாரை மும்முறை கழுவ வேண்டியிருந்தது; அவ்வளவுதான் கூடுதல் உழைப்பு. அவர் கண்ணைத் திறந்து, இடக்கை விரலால் முதலில் எது வேண்டும் என்று சுட்டிக்காட்டினார்.

பெங்களூரில் இருக்கும் எம் மகள் தொலைபேசியில் 'ஸ்மூத்தி' கொடுங்கள் அப்பா என்றாள். அச்சொல்லுக்கு நிகர்ச்சொல் தேடி அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கையில், அன்னையார் ஒரு கரண்டி சுவைத்துவிட்டு 'பழக்கூழ்' என்று பெயரிட்டுவிட்டார். சாற்றை வடிகட்டுவதில்லை ஆதலின் நார்ச்சத்து உள்ளேயே நிற்கும், கெட்டியாகவும் இருக்கும், ஆகவே அவருக்கு உகந்தது. பாலை முதலில் ஊற்றி, அதன்மேல் பழத்தை இட்டால் தகடு உடனே பற்றிக்கொள்ளும். கோழிக்கூடு வாழைப்பழம் இரண்டு, கொட்டை நீக்கி ஊறவைத்த பேரீச்சை மூன்று, காய்ச்சி ஆறிய பால் ஒரு குவளை. இது காலைக்கு. வாழைப்பழம் தானே கூழைக் கெட்டிப்படுத்திவிடும். பப்பாளியைப் பாலோடு அடித்து மதியத்துக்கு எடுத்துவைத்தோம். எடுத்துப் பார்த்தால் ஒரே கசப்பு. பப்பாளியில் உள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும் என்பதைப் பின்னர் அறிந்தோம். அடித்தவுடன் குடித்தால் தீங்கில்லை. நோன்பு மாதத்தில் எம் துறை நண்பர் இல்லத்திலிருந்து நாள்தோறும் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி வரும். அதை மட்டும் ஒரே சுற்றில் மென்மையாக்கித் தருவோம். அந்த முப்பது நாளும் அன்னையார் மாலை மணி ஐந்திலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் ஒருநாள் மிக்சி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர் பல் உடைந்து தேய்ந்து போயிற்று. மோட்டார் சுழல்கிறது, தகடு அசையவில்லை. பத்து ரூபாய்ப் பொருள். ஆனால் கடை திறக்க வழியில்லை. அன்று பார்த்து அன்னையார் பருப்புத் துவையல் கேட்டார். ஈராண்டில் அவர் வாய்திறந்து கேட்ட முதல் பண்டம் அது. பள்ளிக்கு விடுமுறை ஆதலின் வீட்டில் இருந்த துணைவியார், கிணற்றடியைக் காட்டி, "அம்மியப் பத்திக் கட்டுரை எழுதினது நீங்கதானே" என்றார்.

அப்போதுதான் அன்னையார் அந்நாளில் சொன்ன சொல்லையும் வெளியிட்டார்.

அம்மியைத் தேய்த்துக் கழுவினோம். துவரம் பருப்பையும் மிளகாயையும் பொன்னிறமாக வறுத்து, பூண்டு, தேங்காய், உப்பு எல்லாம் எடுத்துவைத்து அமர்ந்தோம். வரிசை எமக்குத் தெரியும், எழுதியிருக்கிறோமே! மிளகாயை நசுக்குவதற்குள் குழவி இருமுறை கையைவிட்டு உருண்டது. வறுத்த பருப்பு கல்லின் மேல் சிதறி ஓடியது. நீர் தெளித்தால் வழிந்தது, தெளிக்காவிட்டால் நகரவில்லை. இடுப்பும் முழங்காலும் மணிக்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நோவத் தொடங்கின. நாற்பது நிமிடங்கள் கழித்துக் கிண்ணத்தில் வழித்தது ஒரு சிறு உருண்டை. கொரகொரப்பு என்றும் சொல்ல முடியாது. பருக்கை பருக்கையாக நின்றது.

கொண்டுபோய்க் காட்டினோம். அன்னையார் ஊசிமுனையளவு நாவில் வைத்துப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, எம் வலக்கையை இடக்கையால் பற்றித் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பெருவிரலின் அடியில் தோல் கன்றிக் கொப்புளமாகியிருந்தது. மிளகாய் எரிச்சல் வேறு. அதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"வலிக்காய்யா?" என்றார்.

யாம் ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லெண்ண தடவு. இத எதுத்த வீட்டுப் பிள்ளகிட்ட குடு. மிக்சில போட்டு ஒரு சுத்து சுத்தித் தருவா."

யாம் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். தெருவில் ஆளரவம் இல்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் அந்தப் பெண்மணி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து, முகத்தில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.